நமக்கென்ன என்னும் நோய்

நம்மவர் கூடுமிடம் தோட்டத்து ஒட்டுக்கடையாயினும் பட்டணத்துக் கோப்பிக்கடையாயினும், அங்கே தீர்ப்புகளுக்கு மட்டும் குறைவில்லை. ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் உலக வழக்குகள் யாவும் விசாரிக்கப்பட்டுத் தள்ளுபடியாகி விடுகின்றன. சாட்சி வேண்டாம், கணக்கு வேண்டாம், வாய் ஒன்றே போதும். பேசுவதே குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. பேசாத சமூகம் பிணத்துக்கு ஒப்பானது. ஆனால் ஆராயாமற் பேசிவிட்டு, பேசியதோடு தம் கடமை தீர்ந்ததென்று மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகும் பழக்கம் ஒரு சமூகத்தைப் பற்றிய நோயாகும். அந்நோயைப் பற்றியே ஈண்டுச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

குழாய் வறண்ட நாட்களிலும், அரசாங்கம் புதிய சட்டம் கொணர்ந்த நாட்களிலும் மூன்று தீர்ப்புகள் நம் செவியில் வந்து விழுகின்றன. "மழை கொட்டும் நாட்டில் தண்ணீர்ப் பஞ்சமாவது! எல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும்" என்பது ஒன்று. "ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லை, வேவு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்" என்பது இரண்டாவது. "இனி எதற்கும் கவலையில்லை, யந்திரம் வந்துவிட்டது" என்பது மூன்றாவது. பேசும் பொருள் மூன்று, பேசுபவரும் பலர், ஆனால் வேர் ஒன்றே. "நமக்கென்ன?" என்பதே அவ்வேர். நம்மைப் பற்றிய கணக்கைப் பிறர் எழுத, நாம் அதைப் படியாமலே கைந்நாட்டு வைக்கும் பழக்கமே அது.

முதல் தீர்ப்பைப் பார்ப்போம். மலேசியாவும் சிங்கப்பூரும் மழைக்குப் பஞ்சமில்லாத நாடுகளே. ஆயினும் மழை வேறு, குழாய்நீர் வேறு. மழை விலையின்றி வருவது. குழாய்நீரோ அணையில் தேங்கி, வடிகட்டப்பட்டு, மருந்திடப்பட்டு, மண்ணுக்கடியிற் பல மைல் ஓடி நம் வாளியை அடைவது. இடையில் ஓரிடம் பழுதானாலும் வாளி காலிதான். சிங்கப்பூரில் 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை பத்து மாதம் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா தவித்தது. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கும், 2014-இல் மீண்டும் சிலாங்கூரும் பங்கீட்டு நீருக்குக் காத்துக் கிடந்தன. 2016-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜொகூரின் லிங்கியு நீர்த்தேக்கம் நூற்றுக்கு இருபது அளவுக்கு இறங்கிற்று. இவ்வளவும் நடந்த நாட்டில் "பஞ்சமாவது!" என்று நகைப்பவரை என்னென்பது?

வறட்சி வந்தவுடன் யாகம் வளர்ப்பதும், அம்மனுக்குக் கஞ்சி வார்ப்பதும், வருணனை வேண்டி மந்திரம் ஓதுவதும் நம்மிடை இன்னும் மாயவில்லை. பசிபிக் மாகடலின் வெப்பநீர் கிழக்கே நகர்ந்தால் நம் பக்கத்து மழை அதைப் பின்தொடர்ந்து போய்விடுகிறது. எல் நினோ என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருப்பது இதற்குத்தான். இக்கடல் எந்தப் புரோகிதரின் தட்சிணைக்கும் காதுகொடுப்பதில்லை. மந்திரத்தைக் கைவிட்டவரோ இன்று மேகத்தில் உப்பு தூவும் விமானத்தை அண்ணாந்து பார்க்கின்றனர். உப்புத் தூவினால் இருக்கும் மேகத்தைச் சற்றே தூண்டலாம். இல்லாத மேகத்தை உண்டாக்க முடியாது. அன்று மந்திரத்தை நம்பினோம்; இன்று விமானத்தை நம்புகிறோம். நம்புவதற்கு முன் கேட்டறிவது என்ற ஒன்றை மட்டும் அன்றும் செய்யவில்லை, இன்றும் செய்யவில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் உண்மை ஒன்றுண்டு. மலேசியாவிற் சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எவருடைய ரசீதிலும் ஏறாமலே போய்விடுகிறது. கல்நார் கலந்த பழங்குழாய்கள் வெடிக்கின்றன, மூட்டுகள் கசிகின்றன, அளவுமானிகள் தவறாகக் காட்டுகின்றன, திருட்டு இணைப்புகளும் உண்டு. சிங்கப்பூரில் இவ்விழப்பு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. அதற்கப்பால் வீட்டுச் செலவைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஒருவர் நாளொன்றுக்குச் செலவிட்ட நீர் 2023-இல் 141 லிட்டர். மலேசியாவில் அது 200 லிட்டருக்கு மேல். இரண்டு குற்றமும் உண்மை: வீட்டில் நாம் விரயம் செய்கிறோம், வீதிக்கடியில் வாரியங்கள் விரயம் செய்கின்றன. ஆனால் வறட்சி வந்ததும் ஊர்ப் பேச்சில் அகப்படுபவர் யார்? பொதுக் குழாயடியில் இரண்டு குடம் அதிகம் பிடித்த ஏழைப் பெண் அகப்படுகிறாள். வாகனம் கழுவிய அண்டை வீட்டார் அகப்படுகிறார். ஓராண்டாய்க் கசியும் பெருங்குழாயைப் பற்றிக் கேட்க எவருக்கும் நாவெழுவதில்லை.

ஜொகூர் நீரைப் பற்றிய பேச்சும் இத்தகையதே. 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 2061 வரை சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை எடுக்கலாம். ஆயிரம் காலனுக்கு விலை மூன்று காசு. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஆயிரம் காலன் ஐம்பது காசு வீதம் ஜொகூர் திரும்பப் பெறுகிறது. பாலத்துக்கு இப்பக்கம் உள்ளோர் மூன்று காசைச் சொல்லிக் கொதிக்கின்றனர். அப்பக்கம் உள்ளோர் ஐம்பது காசைச் சொல்லிச் சிரிக்கின்றனர். ஏரி இருபதுக்கு இறங்கிய ஆண்டில் இரு சாராருடைய கையிலும் இருந்தது ஒரே ஆற்றின் அடிமண்தான் என்பதை எக்கடையிலும் எவரும் சொல்ல நாம் கேட்டதில்லை.

இரண்டாவது தீர்ப்புக்கு வருவோம். "ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை" என்று மார்தட்டுவோர் தம் பாட்டன் கதையை மறந்தவர். கங்காணியின் கணக்குப் புத்தகத்திற் பாட்டன் பெயரும் இருந்தது. கப்பற் சத்தம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, கடையிற் பற்று இவ்வளவு என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பாட்டனிடமும் ஒளிக்க ஒன்றுமில்லை. அவரிடம் இருந்தது ஒரு வேட்டியும் ஒரு பால்வெட்டுக் கத்தியுமே. ஆயினும் அப்புத்தகம் அவரைக் கட்டிப்போட்டது. ஏன்? எழுதியவன் ஒருவன், எழுதப்பட்டவர் வேறொருவர், எழுதியதைப் படிக்கவோ மறுக்கவோ எழுதப்பட்டவருக்கு வழியில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் இழுத்த கோடு விடுபட்டால் அன்றைய கூலி போயிற்று. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கும் இழப்பதற்கு உண்டு என்பதைத் தோட்டத் தமிழனுக்கு நாமா சொல்ல வேண்டும்?

இனிச் சட்டங்கள் வளரும் விதத்தைப் பாருங்கள். 1948-இல் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அடையாளக் கார்டும் அவ்வாண்டே பிறந்தது. 1960-இல் அவசரகாலம் முடிந்தது. முடிந்த கையோடு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டில் ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகளை அடக்கவே இச்சட்டம் என்றனர். "நாம் என்ன காட்டிலா இருக்கிறோம்? நமக்கென்ன?" என்றனர் நம்மவர். 1987 அக்டோபரில் அச்சட்டம் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறையிலிட்டது. அவர்களிற் பாராளுமன்ற உறுப்பினர்களும் இருந்தனர். 2007 நவம்பர் 25-ஆந் தேதி கோலாலம்பூர் வீதியில் இந்தியர் பல்லாயிரவர் திரண்டனர். டிசம்பர் 13-ஆந் தேதி அவ்வியக்கத்தின் தலைவர் ஐவர் அதே சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். காட்டுக்கென்று செய்த கண்ணி வீதிக்கு வர நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின. வந்தபோது கால் இடறி விழுந்தவர் நம்மவரே.

அச்சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. அதனிடத்தில் சொஸ்மா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் வந்தது. விசாரணையின்றி இரண்டாண்டு அடைக்கும் அதிகாரம் அதில் இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம். எனினும் 28 நாள் வரை போலீஸ் காவலில் வைக்க அது இடங்கொடுத்தது. ஒருவருடைய கடிதத்தையும் தொலைபேசிப் பேச்சையும் இடைமறித்துக் கேட்க, நீதிபதியின் உத்தரவின்றியே, அரசாங்க வழக்கறிஞர் அனுமதி போதும் என்றது. அவசரமெனில் அவ்வனுமதிக்கும் முன்பே உயர் போலீஸ் அதிகாரி கேட்கலாம் என்றது. 2019 அக்டோபரில் அச்சட்டத்தின்கீழ்ப் பன்னிருவர் பிடிபட்டனர். அவர்களுள் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். விடுதலைப் புலிகளை ஆதரித்ததாகக் குற்றச்சாட்டு. 2020 பிப்ரவரியில் அரசாங்கத் தலைமை வழக்கறிஞரே வழக்கை மீட்டுக்கொண்டார். ஒருவர் படத்தைக் கைபேசியில் வைத்திருப்பதால் மட்டும் எவனும் பயங்கரவாதியாகி விடான் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. நல்லது, ஆனால் அக்காரணத்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ நான்கு மாதம் சென்றது. அந்நான்கு மாதம் அவர்தம் குடும்பங்கள் பட்ட பாட்டுக்கு எவர் ரசீது தருவார்? கைபேசியில் ஒரு படம்! ஒளிக்க ஒன்றுமில்லை என்று சொல்லும் அன்பரே, உமது கைபேசியில் உள்ள படங்கள் எத்தனை என்று உமக்கே தெரியுமா? அவற்றுள் எது நாளைக்குக் குற்றமாகும் என்பதை நாளைய அதிகாரியல்லவோ முடிவு செய்வார்!

நாட்டுக்கு ஒற்றறிதலே கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. குண்டு வைப்பவனையும் கொலைகாரனையும் கண்டுபிடிக்காத அரசு அரசன்று. வள்ளுவரே ஒற்றாடலுக்கென ஓரதிகாரம் வகுத்தார். ஆனால் அதை எங்கே வைத்தார் என்பதை நம் பண்டிதர்கள் மேடைதோறும் சொல்லக் காணோம். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் ஆகிய நான்கையும் கூறிய பின்னரே ஒற்றாடலைக் கூறினார். நேர்மையும், குடிகளை அச்சுறுத்தாமையும், இரக்கமும் இல்லாதவன் கையில் ஒற்றன் இருத்தலாகாது என்பது அவ்வரிசையிலிருந்து நாம் கொள்ளும் பொருள். அன்றியும் ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டுமென்றும் அவர் விதித்தார். ஒற்றனையும் ஒற்றிப் பார். இதுவே அவர் அறிவுரை. இன்றைய மொழியிற் சொன்னால், வேவு பார்க்கும் அதிகாரத்துக்கு மேல் ஒரு நீதிபதியும், ஒரு கால எல்லையும், பொதுமக்கள் படிக்கத்தக்க ஓர் அறிக்கையும் வேண்டும் என்பதாம்.

கொடுங்கோலன் நாட்டில் மழை பொய்க்கும் என்றும் அப்பெரியார் கூறியிருக்கிறார். மழையை அரசன் நடத்தை ஆள்வதில்லை என்பதை இன்று பள்ளிப் பிள்ளையும் அறியும். வள்ளுவர் சொன்னார் என்பதற்காக அறிவுக்கொவ்வாததை ஏற்க நாம் உடன்படோம். ஆனால் வானத்தைப் பற்றி அது பொய்யாயினும் குழாயைப் பற்றி மெய்யே. கணக்குக் காட்டாத ஆட்சியில் மழை பெய்தாலும் குழாய் பொய்க்கும்.

கேட்டால் கிடைக்குமா என்பார்க்குச் சிங்கப்பூரிலிருந்தே ஒரு சான்று காட்டுவோம். கோவிட் நோய்க் காலத்தில், 2020 மார்ச்சில், யார் யாரை நெருங்கினர் என்று பதியும் டிரேஸ்டுகெதர் என்னும் செயலி வந்தது. நோய் தொடர்ந்த வழியறிய மட்டுமே அது பயன்படும் என்று அமைச்சர் வாக்களித்தார். 2021 ஜனவரியில் பாராளுமன்றத்தில் ஒரு கேள்வி எழ, குற்ற விசாரணைச் சட்டப்படி போலீசும் அப்பதிவைக் கோரிப் பெறலாம் என்று வெளியாயிற்று. மக்கள் சும்மா இருக்கவில்லை; ஏமாற்றப்பட்டோம் என்றனர்; பலர் வெளிப்படையாகவே கேட்டனர். பிப்ரவரி 2-ஆந் தேதியே, ஏழு வகைப் பெருங்குற்றங்களுக்கன்றி வேறெதற்கும் அப்பதிவைத் தொடலாகாது என்று சட்டம் நிறைவேறிற்று. ஒரு கேள்வி, ஒரு மாதம், ஒரு வேலி. "நமக்கென்ன" என்று எல்லாரும் இருந்திருந்தால் அவ்வேலி எழுந்திராது. மலேசியாவிலோ, 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்று அச்சட்டத்திலேயே எழுதி வைத்தனர். கடைக்காரன் உமது தொலைபேசி எண்ணைப் பிறருக்குக் கொடுத்தால் குற்றம். சர்க்கார் இலாகா கொடுத்தால் அச்சட்டம் வாய் திறவாது. இதைப் பற்றி எத்தனை சங்கங்கள் தீர்மானம் போட்டன?

மூன்றாவது தீர்ப்பு யந்திரத்தைப் பற்றியது. விஞ்ஞானத்தை வெறுக்கும் கூட்டத்தார் அல்லேம் நாம். அதை வரவேற்று எழுதுவதே இப்பக்கங்களின் தொழில். கழிவுநீரை நுண்சல்லடைகளில் வடித்து, புறஊதா ஒளியில் காட்டி, நியூவாட்டர் என்று 2003-இல் சிங்கப்பூர் குடிநீராக்கியது மனித அறிவின் வெற்றியே. தீட்டு என்றும் அசுத்தம் என்றும் மனிதரையே விலக்கிய சமூகத்துக்கு, சாக்கடை நீரும் அறிவின் கைபட்டால் தூய்மையாகும் என்பதைவிடச் சிறந்த பாடம் வேறேது? 2005 முதல் 2022 வரை கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஐந்தும் அங்கே எழுந்தன. ஆனால் கடல்நீரில் ஆயிரம் லிட்டரை நன்னீராக்க ஏறத்தாழ 3.5 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு எரிவாயு வேண்டும். எரிவாயுவுக்குப் பணம் வேண்டும். ஆகவேதான் 2017, 2018 ஆகிய ஈராண்டுகளில் அங்கே தண்ணீர் விலை இரு தவணையில் நூற்றுக்கு முப்பது ஏறிற்று. யந்திரம் பஞ்சத்தை ஒழிக்கவில்லை. பஞ்சத்துக்கு ஒரு விலை வைத்தது. அவ்விலையை எவர் தலையில் எவ்வளவு சுமத்துவது என்பதை யந்திரம் சொல்லாது. மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

இம்மூன்று தீர்ப்புகளும் ஒன்றுகூடும் இடமொன்றைக் காட்டி முடிக்கிறோம். நாம் அனுப்பும் படமும் பேச்சும் ஆகாயத்தில் தங்குகின்றன என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அவை தரவு மையங்கள் என்னும் பெருங்கூடங்களில், இரவும் பகலும் ஓயாத கணிப்பொறிகளில் தங்குகின்றன. அக்கணிப்பொறிகள் கொதிக்கும், கொதிப்பைத் தணிக்கப் பல கூடங்களில் நீரை ஆவியாக்குகின்றனர். 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களைச் சிங்கப்பூர் நிறுத்தி வைத்தது. கூடங்கள் பாலத்தைக் கடந்து ஜொகூருக்கு வந்தன. செம்பனையும் ரப்பரும் நின்ற மண்ணில் இன்று அவை நிற்கின்றன. நீரும் மின்சாரமும் போதுமா என்றாராய ஜொகூர் அரசு 2024-இல் ஒரு குழு அமைத்து, விண்ணப்பங்கள் சிலவற்றைத் தள்ளியது பாராட்டத்தக்கது. ஆயினும் பொதுமக்கள் இதை அறிந்து பேச வேண்டாவா? ஆற்று நீரும் அங்கே போகிறது; நம் சொல்லும் அங்கே போகிறது. குடிமகன் வீட்டுக் குழாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் அளவுமானி உண்டு. அவன் பேச்சுக்கும் நடமாட்டத்துக்கும் பதிவு உண்டு. ஒவ்வொரு கூடமும் நாள்தோறும் எத்தனை லிட்டர் குடிக்கிறது, எவர் கேட்டால் எதைத் திறந்து காட்டுகிறது என்ற கணக்கு மட்டும் குடிமகன் வீட்டுக்கு ரசீதாக வருவதில்லை. அளக்கப்படுபவர் நாம், அளப்பவரை அளப்பார் இல்லை. பாட்டன் காலத்துக் கணக்குப் புத்தகம் கங்காணியின் இடுப்பில் இருந்தது. பேரன் காலத்துப் புத்தகம் குளிர்சாதனக் கூடத்தில் இருக்கிறது. படிக்க முடியாமை மட்டும் மாறவில்லை.

ஆகையால் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம் வாசக சாலைகளையும் இளைஞர் மன்றங்களையும் நோக்கி ஒன்று கேட்கிறோம். மாதத்தில் ஒரு மாலை, பட்டிமன்றத்தையும் சினிமாப் பாட்டையும் ஒதுக்கிவைத்து, தண்ணீர் ரசீதை மேசைமேல் வைத்துப் படியுங்கள். உங்கள் மாநிலத்தில் வழியிற் கசியும் நீர் நூற்றுக்கு எத்தனை என்று வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு சட்டம் வரும்போது, இதற்கு உத்தரவிடுபவர் யார், எத்தனை நாள், தவறினால் எவர் தண்டிப்பார் என்னும் மூன்று கேள்விகளைத் தொகுதிப் பிரதிநிதியின் முன் வையுங்கள். அவர் எக்கட்சியினர் என்று பார்த்துப் பல்லிளிக்க வேண்டாம். வீட்டுக் குழாயை மூடத் தெரியாதவனுக்கு வாரியத்தைக் கேட்கும் தகுதி குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்; பல் விளக்கும் மூன்று நிமிடமும் குழாயைத் திறந்து விடுபவன் சீர்திருத்தம் பேசினால் கேட்பவர் நகைப்பர்.

"இதனால் என்ன ஆகிவிடும்?" என்று ஒருவர் கேட்பார் என்பதை அறிவோம். அவர் தேநீர் ஆறட்டும். கணக்குப் படிக்கத் தெரிந்த கூலியைக் கங்காணி ஏமாற்ற அஞ்சினான். அஞ்சியதால்தான் தோட்டத்திற் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றவர்களும் அக்காலத்தில் இருந்தனர். நமக்குப் பள்ளி கிடைத்தது, எழுத்தும் கிடைத்தது, வாக்கும் கிடைத்தது. இம்மூன்றையும் பெற்ற பின்னும் கைந்நாட்டு வைப்போமாயின், பாட்டனைக் கட்டியது அறியாமை என்றும் நம்மைக் கட்டியது சோம்பல் என்றும் பின்வருவோர் எழுதுவர். அவ்வாறு எழுதப்படாதிருக்க, இன்று மாலை கடையை விட்டு எழுமுன், ஒரு கேள்வியையாவது காகிதத்தில் எழுதிக்கொண்டு எழுவோமாக.